அரை மணி நேரத் தண்ணீர்

மஸ்கட்டுக்கு வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. அதில் முதல் நாலு வருஷம் எனக்குத் தெரிந்த ஓமான் என்பது அலுவலகம், ருவியில் ஒரு தமிழ் மெஸ், விமான நிலையம், அப்புறம் வெள்ளிக்கிழமை மதியத் தூக்கம். அவ்வளவுதான். வளைகுடாவில் இருக்கும் நம்மில் பலரும் இப்படித்தான் இருக்கிறோம். நாட்டுக்குள்ளே வாழாமல் விசாவுக்குள்ளே வாழ்கிறோம்.

ஐந்தாவது வருஷம் மகளுக்குப் பள்ளியில் ஒரு புராஜெக்ட் கொடுத்தார்கள். 'ஃபலஜ்' படம் வரைந்து, அதைப் பற்றிப் பத்து வரி எழுத வேண்டும்.

"அப்பா, ஃபலஜ்னா என்ன?"

"வாய்க்கால்மா."

"இங்கதான் ஆறே இல்லையே. வாய்க்காலுக்கு எங்கிருந்து தண்ணி வரும்?"

பதில் தெரியவில்லை. கண்மாய்ப் பாசன ஊரில் பிறந்து, பொறியியல் படித்து, ஐந்து வருஷமாக இந்த நாட்டில் சம்பளம் வாங்குகிறவனுக்கு இந்தச் சின்னக் கேள்விக்குப் பதில் தெரியவில்லை. அந்தச் சனிக்கிழமை வண்டியை எடுத்துக்கொண்டு பிர்கத் அல் மவ்ஸ் போனோம். மஸ்கட்டிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. மலை மொட்டையாக, காய்ந்த ரொட்டி நிறத்தில் நிற்கிறது. அடிவாரத்தில் திடீரென்று பச்சை, ஆயிரக்கணக்கில் பேரீச்சை மரங்கள். நடுவே இடுப்பளவு அகலத்தில் ஒரு கால்வாய். அதில் கண்ணாடி மாதிரித் தண்ணீர் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. மகள் காலை விட்டுப் பார்த்துவிட்டு, "வெதுவெதுன்னு இருக்குப்பா" என்றாள்.

அதுதான் ஃபலஜ் அல் கத்மைன். 2006-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த ஐந்து ஓமானி ஃபலஜ்களில் ஒன்று.

ஒரு கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். ஓமானின் சராசரி மழை வருஷத்துக்குச் சுமார் 100 மில்லிமீட்டர். எங்கள் சிவகங்கைச் சீமையை வறண்ட பூமி என்கிறோமே, அங்கே ஏறக்குறைய 900. ஒன்பது மடங்கு. ஆனால் ஒன்பது மடங்கு மழை பெய்யும் ஊரில் என் அப்பா மூன்று போர் போட்டும் தண்ணீர் கிடைக்காமல் உட்கார்ந்திருக்கிறார். இங்கே மோட்டார் இல்லை, கரண்ட் இல்லை, தண்ணீர் மட்டும் ஓடுகிறது. இது என்னை ரொம்ப நாள் தூங்கவிடவில்லை.

பெய்கிற கொஞ்ச மழையும் மலையிடுக்குகளில் இறங்கி, அடிவாரச் சரளை மண்ணுக்குள் தங்கிவிடுகிறது. அந்த இடத்தைக் கண்டுபிடித்து முதலில் ஒரு கிணறு தோண்டுவார்கள். அதற்கு 'உம்முல் ஃபலஜ்' என்று பெயர், ஃபலஜின் தாய். அந்தத் தாய்க்கிணற்றின் நீர்மட்டத்திலிருந்து ஊரை நோக்கிப் பூமிக்கு அடியில் ஒரு சுரங்கம் போகும். நிலத்தின் சரிவைவிடச் சுரங்கத்தின் சரிவு குறைவாக இருப்பதால், சில கிலோமீட்டர் தாண்டியதும் சுரங்கமே தரைக்கு மேலே வந்துவிடும். புவியீர்ப்பு மட்டும்தான் எரிபொருள். நடுவில் இடைவெளி விட்டுச் செங்குத்தான குழிகள் இருக்கும். மண்ணை வெளியே எடுக்க, உள்ளே காற்று போக, பின்னால் ஆள் இறங்கித் தூர் வார எல்லாவற்றுக்கும் அந்தக் குழிகள்தான். சரிவு கொஞ்சம் கூடினால் தண்ணீர் சுரங்கத்தை அரித்துவிடும், குறைந்தால் வண்டல் படிந்து அடைத்துக்கொள்ளும். இதை ஜிபிஎஸ், லேசர் எதுவும் இல்லாமல், எண்ணெய் விளக்கு வெளிச்சத்தில், ஆள் குனிந்துதான் போக முடிகிற பொந்துக்குள் செய்திருக்கிறார்கள். வழியில் ஒரு காட்டாறு குறுக்கிட்டால்? ஒரு கரையில் தண்ணீரைக் குழிக்குள் இறக்கி, ஆற்றுப் படுகைக்கு அடியில் கொண்டுபோய், மறுகரையில் அதன் அழுத்தத்திலேயே மேலே ஏற்றிவிடுவார்கள். நாம் பாலிடெக்னிக்கில் தலைகீழ் சைஃபன் என்று படித்த அதே சங்கதி.

இந்தச் சுரங்க வகைக்குப் பெயர் 'தாவூதி'. தாவூத் நபியின் மகன் சுலைமான் நபி பறக்கும் கம்பளத்தில் வந்து பஹ்லாவுக்குப் பக்கத்தில் உள்ள சலூத்தில் பத்து நாள் தங்கினாராம். நாட்டின் வறட்சியைப் பார்த்து ஜின்களுக்குக் கட்டளையிட, அவை நாளுக்கு ஆயிரம் வீதம் பத்தாயிரம் ஃபலஜ்களைத் தோண்டினவாம். நம் ஊரில் ஒரே ராத்திரியில் பூதம் வெட்டிய குளம் என்று சொல்வார்களே, அந்த ஜாதிக் கதைதான். மனிதர்களால் இது முடிந்திருக்கும் என்று பின்னால் வந்தவர்களால் நம்ப முடியவில்லை. சுரங்கம் இல்லாமல் காட்டாற்றின் ஊற்றுநீரை மேலாகவே திருப்பிவிடுவது 'கைலி', மலையூற்றிலிருந்து வருவது 'ஐனி'.

இங்கே ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்ல வேண்டும். வாட்ஸ்அப்பில் இரண்டு விதமான ஃபார்வர்ட் எனக்கு வருகிறது. ஒன்று, உலகத்தில் உள்ள எல்லாக் கண்டுபிடிப்பும் இஸ்லாமிய உலகத்தில்தான் தொடங்கியது என்கிறது. இன்னொன்று, அங்கே ஒட்டகத்தையும் சண்டையையும் தவிர எதுவும் இருந்ததில்லை என்கிறது. ஃபலஜ் இரண்டுக்கும் ஒத்துவராது. இது இஸ்லாத்துக்கு முந்தியது. இப்போதுள்ள ஃபலஜ்கள் கி.பி. 500 அளவில் தொடங்கியிருக்கலாம் என்றும், இந்த வறண்ட பகுதியில் கி.மு. 2500-லேயே பாசன அமைப்புகள் இருந்ததற்குச் சான்று உண்டு என்றும் யுனெஸ்கோ குறிப்பு சொல்கிறது. ஈரானில் இதே நுட்பத்துக்குக் கனாத் என்று பெயர். யார் யாரிடம் கற்றார்கள் என்று ஆய்வாளர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள், போடட்டும். இஸ்லாமிய உலகம் செய்தது வேறு. கிடைத்த நுட்பத்தை ஏட்டில் ஏற்றியது, அதற்குச் சட்டம் எழுதியது, தூர தேசங்களுக்குக் கொண்டுபோனது. பாக்தாதில் அல்ஜீப்ரா எழுதிக்கொண்டிருந்த அல் கரஜி என்ற கணிதவியலாளர், பிற்காலத்தில் ஈரானில் இருந்தபோது, சுமார் 1017-ல் மறைந்திருக்கும் நீரை வெளிக்கொணர்வது பற்றி ஒரு முழு நூலே எழுதினார். நிலத்தடி நீரின் அறிகுறிகள், சரிவு பார்க்கும் கருவிகள், சுரங்கம் நேராகப் போகிறதா என்று சோதிக்கும் முறை எல்லாம் அதில் உண்டு.

ஆனால் என்னைக் கட்டிப்போட்டது சுரங்கம் இல்லை. தண்ணீர் வெளியே வந்த பிறகு நடக்கும் கணக்குதான்.

ஃபலஜ் என்ற சொல்லின் வேரே 'பங்கிடுதல்'. தண்ணீரை லிட்டரில் பங்கிடுவதில்லை, நேரத்தில் பங்கிடுகிறார்கள். அடிப்படை அலகு 'அதர்', ஏறக்குறைய அரை மணி நேரம். (நம் நாழிகை 24 நிமிஷம், அதைவிடக் கொஞ்சம் பெரிது.) 24 அதர் சேர்ந்தால் ஒரு 'பத்தா', அதாவது ஒரு பகல் அல்லது ஓர் இரவு. ஒரு நாளைக்கு 48 அதர். எல்லாருக்கும் முறை சுற்றிவர எத்தனை நாள் ஆகிறதோ அது ஒரு சுற்று. ஏழு நாள் சுற்று என்றால் 336 அதர். உங்களிடம் நாலு அதர் இருந்தால் வாரத்துக்கு ஒரு முறை இரண்டு மணி நேரம் மொத்த ஃபலஜும் உங்கள் தோட்டத்துக்குள் வரும். நேரம் முடிந்ததும் கல்லையும் துணியையும் வைத்து உங்கள் மடையை அடைப்பார்கள், அடுத்தவர் மடை திறக்கும். கம்ப்யூட்டரில் ஒரே பிராசஸரைப் பல வேலைகளுக்கு முறை வைத்துக் கொடுப்பதை 'ரவுண்ட் ராபின்' என்று கல்லூரியில் படித்தோம். பரீட்சைக்கு மனப்பாடம் செய்த அந்தப் பாடத்தைப் பேரீச்சந் தோப்பில் நேரில் பார்த்தபோது சிரிப்பு வந்தது.

நேரத்தில் பங்கிடுவதன் சூட்சுமம் அப்புறம்தான் புரிந்தது. மழை பொய்த்து ஃபலஜில் தண்ணீர் பாதியாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். லிட்டர் கணக்கு என்றால் கடைசி ஆளுக்கு ஒன்றும் மிஞ்சாது, அடிதடிதான். நேரக் கணக்கில் எல்லாருக்கும் ஒரே விகிதத்தில் குறைகிறது. பஞ்சத்தையும் சேர்த்துப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். இன்னொன்று, தோப்புக்கு அப்பால் காய்கறி, கோதுமை மாதிரிப் பருவப் பயிருக்குத் தனி நிலம் இருக்கும். தண்ணீர் குறைந்த வருஷம் அந்த நிலத்தைச் சும்மா போட்டுவிட்டு மரத்தை மட்டும் காப்பாற்றுவார்கள். மரம் போனால் மறுபடி வளர்க்க வருஷக்கணக்கில் ஆகும். கீரை போனால் அடுத்த பருவம் வரும்.

கடிகாரம் இல்லாத காலத்தில் அரை மணி நேரத்தை எப்படி அளந்தார்கள்? பகலில் சூரியன். ஊர்ப் பொதுவிடத்தில் ஒரு கம்பம் நட்டு, நிழல் விழும் தரையில் கோடு போட்டிருப்பார்கள். நிழல் இந்தக் கோட்டைத் தொட்டால் இன்னாருடைய நேரம் முடிந்தது. இரவில் நட்சத்திரம். குறிப்பிட்ட நட்சத்திரம் எதிர்மலை விளிம்பில் தலைகாட்டினாலோ மறைந்தாலோ மடை மாறும். அந்தப் பட்டியலில் 'துரய்யா'வும் உண்டு. துரய்யா என்றால் வளைகுடாக்காரர்களுக்குச் சாட்டிலைட் போன்தான் ஞாபகம் வரும். அது நம் கார்த்திகை நட்சத்திரக் கூட்டம். இங்கே இரவில் மடை மாற்றுவதற்கு நட்சத்திரம் பார்ப்பது சில கிராமங்களில் இந்த நூற்றாண்டு வரைக்கும் நீடித்தது. இப்போது கைக்கடிகாரமும் மொபைலும் வந்துவிட்டன.

இதையெல்லாம் மேய்க்க ஒரு நிர்வாகம் உண்டு. மேலே 'வகீல்', ஊர் தேர்ந்தெடுக்கும் பொறுப்பாளர். நேரம் பார்த்து மடை மாற்றுவதைக் கவனிக்க 'அரீஃப்'. பணம் வசூலித்துக் கணக்கு எழுத ஒருவர். யாருக்கு எத்தனை அதர் என்பதெல்லாம் பதிவேட்டில் இருக்கும். ஃபலஜுக்கென்றே சில அதர்கள் தனியாக உண்டு. அதை ஏலம் விட்டு, வருகிற பணத்தில் தூர் வாருவார்கள், சுவரைப் பூசுவார்கள். சில அதர்கள் 'வக்ஃப்'. எப்போதோ இறந்துபோன யாரோ ஒருவர் தன் அரை மணி நேரத்தைப் பள்ளிவாசலுக்கோ, பிள்ளைகள் குர்ஆன் ஓதும் இடத்துக்கோ எழுதிவைத்திருப்பார். நிலத்தைத் தானமாக எழுதிவைப்பது நமக்குத் தெரியும். வாரத்தில் அரை மணி நேரத்தைத் தானமாக எழுதிவைப்பது எனக்குப் புதுசாக இருந்தது.

ஊருக்குள் நுழையும் தண்ணீருக்கு ஒரு வரிசை இருக்கிறது. முதல் இடத்தில் குடிநீர் எடுக்கலாம். அங்கே யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், பங்கு இருக்க வேண்டியதில்லை. வழிப்போக்கன், ஆடு மாடு எல்லாருக்கும் தாகத்தின் உரிமை உண்டு என்பது இஸ்லாமியச் சட்டத்தில் அடிப்படையான ஒன்று. அதற்குக் கீழே பள்ளிவாசலில் ஒளு செய்ய, குளிக்க, பெண்கள் தனியாகத் துவைக்க இடம். இதெல்லாம் கடந்த பிறகுதான் அது காசுக்கு வாங்கி விற்கக்கூடிய பாசனப் பங்காக மாறுகிறது. அதேபோல் 'ஹரீம்' என்று ஒரு விதி. ஃபலஜைச் சுற்றி இத்தனை முழத்துக்குள் வேறு யாரும் கிணறு தோண்டக் கூடாது. அந்தத் தூரம் எவ்வளவு, மண்ணின் தன்மைக்கு ஏற்ப மாறுமா என்றெல்லாம் ஓமானின் இபாளி மார்க்க அறிஞர்கள் பக்கம் பக்கமாக விவாதித்திருக்கிறார்கள். நிலத்தடி நீரோட்டத்துக்கு வேலி கிடையாது, உன் நிலத்தில் நீ தோண்டும் கிணறு அடுத்தவன் தண்ணீரை இழுக்கும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இதைச் சொர்க்கம் என்று நினைத்துவிட வேண்டாம். பங்கீடு என்றால் சமத்துவம் இல்லை. பணக்காரருக்கு நிறைய அதர், ஏழைக்கு ஒன்றுமில்லை, கூலிக்கு வேலை. வாரிசுரிமைச் சட்டப்படி மகன், மகள், மனைவி என்று பிரியப் பிரிய ஓர் அதர் நிமிஷக்கணக்கில் சிதறிப்போகும். பெண்களுக்கும் பங்கு வந்தது நல்ல விஷயம்தான். இந்தத் தோப்புகளின் வரலாற்றில் அடிமைகளின் வியர்வையும் இருக்கிறது. கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள் 19-ஆம் நூற்றாண்டில் ஓமானின் பேரீச்சந் தோட்டங்களில் உழைத்தார்கள். அந்தப் பேரீச்சை அமெரிக்கா வரை கப்பலேறியது. சுற்றுலாப் பலகையில் இதைப் பார்க்க முடியாது.

அரசியலும் உண்டு. யஅரூபி இமாம்கள் 1650-ல் போர்ச்சுகீசியரை மஸ்கட்டிலிருந்து விரட்டினார்கள். கடல் வணிகத்தில் வந்த பணத்தைப் பழைய ஃபலஜ்களைப் பழுது பார்க்கவும் புதிது வெட்டவும் போட்டார்கள். அந்த வம்சத்து சைஃப் பின் சுல்தான், 1711-ல் இறந்தவர், 17 ஃபலஜ்களைச் சீராக்கினார், 30,000 பேரீச்சையும் 6,000 தென்னையும் நட்டார் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். அவருக்கு மக்கள் கொடுத்த பட்டம் 'கைதுல் அர்ள்', பூமியைக் கட்டியாண்டவர். அவருக்குப் பின் உள்நாட்டுப் போர் வந்தது. எதிரியைப் பணியவைக்க ஃபலஜை உடைத்தால் போதும் என்று எல்லாருக்கும் தெரியும். கால்வாய் ஓரங்களில் காவல் கோபுரங்கள் நிற்பது சும்மா அழகுக்கு இல்லை.

இதே சங்கதி எங்கெல்லாம் போயிருக்கிறது பாருங்கள். மொராக்கோவில் கத்தாரா, அல்ஜீரியாவில் ஃபோகாரா, ஆப்கானிஸ்தானில் காரேஸ். அந்தக் காரேஸ் என்ற பெயரோடு இந்தியாவுக்கும் வந்தது. கர்நாடகத்தின் பீதரில் பஹ்மனி சுல்தான்கள் காலத்துச் சுரங்கக் கால்வாய் இருக்கிறது. மத்தியப் பிரதேசத்தின் புர்ஹான்பூரில் 1615-ல் அப்துர் ரஹீம் கான்-இ-கானான் வெட்டச் செய்த குண்டி பண்டாரா இருக்கிறது. ஸ்பெயினுக்குப் போனால் பாசனக் கால்வாயை 'அசேகியா' என்கிறார்கள். அரபியின் 'அஸ்ஸாகியா'தான் அது. அந்தச் சொல் ஸ்பானியர்களோடு அட்லாண்டிக் கடந்து அமெரிக்காவின் நியூ மெக்சிகோ வரை போய்விட்டது. வலென்சியா நகரத்தில் ஒவ்வொரு வியாழக்கிழமையும் நண்பகலில், தேவாலய வாசலில், விவசாயிகளே நீதிபதிகளாக உட்கார்ந்து தண்ணீர் வழக்கை வாய்மொழியாகவே தீர்க்கிறார்கள். அந்த வழக்கம் முஸ்லிம்கள் ஆண்ட காலத்திலிருந்து வருவது என்று சொல்கிறார்கள். 2009-ல் அதையும் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தது. ஆட்சி போய் எண்ணூறு வருஷம் ஆகப்போகிறது. வாய்க்கால் முறை போகவில்லை.

சரி, இப்போது எப்படி இருக்கிறது? 1990-களின் இறுதியில் ஓமான் அரசு எடுத்த கணக்கெடுப்பில் 4,112 ஃபலஜ்கள், அவற்றில் தண்ணீர் ஓடியவை 3,017. மிச்சமெல்லாம் செத்துவிட்டன. மழை குறைந்தது ஒரு காரணம். 1970-க்குப் பிறகு வேகமாகப் பரவிய டீசல் பம்ப் இன்னொரு காரணம். ஆழக் கிணறு போட்டு இழுத்தால் நீர்மட்டம் இறங்கும். மட்டம் சுரங்கத்துக்குக் கீழே போனால் ஃபலஜ் அவ்வளவுதான். ஃபலஜால் சுரங்கத்தின் மட்டத்துக்கு வருவதைத்தான் எடுக்க முடியும், துரத்திக்கொண்டு கீழே போக முடியாது. அரசு சட்டம் போட்டுத் தாய்க்கிணற்றுக்கு அருகில் புதுக் கிணறுகளைத் தடுத்தது, பழுது பார்க்கப் பணமும் கொடுக்கிறது. ஆனால் வாரிசுகள் மஸ்கட்டில் அலுவலக வேலையில் இருக்கிறார்கள். பிர்கத் அல் மவ்ஸில் அன்று நான் பார்த்த மடை மாற்றும் ஆள் ஓமானி இல்லை, வங்கதேசத்து இளைஞர். கால்சட்டையை மடித்துவிட்டுத் தண்ணீருக்குள் நின்றுகொண்டு, போனில் மணி பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் விசாரித்தேன். முதலாளி வாரக் கடைசியில் வருவார், இன்னும் ஏழு நிமிஷம் இருக்கிறது, பிறகு பக்கத்துத் தோப்பு என்றார். ஏழு நிமிஷம் கழிந்ததும் கல்லைத் தூக்கி வைத்தார். ஒரு நிமிஷம் கூடக் குறைய இல்லை. அவருக்கும் இந்தத் தண்ணீருக்கும் என்ன உறவு, சொல்லுங்கள். ஆனால் முறை தவறவில்லை.

அங்கிருந்தே அப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன். மகள் போனைத் தண்ணீருக்குக் கிட்டக் கொண்டுபோய்க் காட்டினாள்.

"எத்தனை அடி போருடா?" என்றார்.

"போர் இல்லப்பா. மலையிலேருந்து தானா வருது."

"மோட்டார்?"

"கிடையாது. ஆளாளுக்கு நேரம் வச்சு விடுறாங்க. ஒருத்தருக்கு அரை மணி, ஒருத்தருக்கு ஒரு மணி."

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. எங்கள் கண்மாய்க்கும் ஒரு காலத்தில் நீர்பாய்ச்சி இருந்தார். வயல் வயலாகப் போய்த் தண்ணீர் கட்டுவார், அறுவடையில் அவருக்கு நெல் அளப்பார்கள். நான் அவரைப் பார்த்ததில்லை. எண்பதுகளில் ஊரில் முதல் பம்ப் செட் வந்தது, அப்புறம் ஒவ்வொருவராகப் போட்டார்கள். கண்மாய் எப்போது நிறையும் என்று காத்திருக்க யாருக்கும் அவசியம் இல்லாமல் போனது. மடையும் துருப்பிடித்தது. முதலில் 200 அடி, பிறகு 450, கடைசியாகப் போன வருஷம் 800 அடி. அந்த 800 அடிக்கான பணத்தை இங்கிருந்து அனுப்பியது நான்தான்.

"நம்ம ஊர் நீர்பாய்ச்சி மகன் திருப்பூர்ல இருக்கான்" என்றார் அப்பா, எதையோ யோசித்தபடி. பிறகு பேத்தியிடம், "போனைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பு தாயி, மடை எப்படி வச்சிருக்காங்கன்னு பாப்போம்" என்றார்.

அவள் திருப்பினாள். வங்கதேசத்து இளைஞர் போனைப் பார்த்துக் கையசைத்தார்.